28 முறை பந்தைப் பறிகொடுத்தவர்!

அமெரிக்கக் கால்பந்து ஒரு வினோத ஆட்டம். பந்தைக் கையால் எறிவார்கள்! எறிபவர்தான் கோஷ்டிக்கு மூளை. அவரை "குவார்ட்டர்பேக்" என்பார்கள்.

ஆண்டுதோறும், கல்லூரிகளில் நன்றாக ஆடிய வாலிபர்களைத் தொழில்முறைக் கோஷ்டிகள் தேர்ந்தெடுக்கும். வழக்கமாக, முந்தைய ஆண்டில் படுமோசமாகத் தோற்ற கோஷ்டிக்கே முதல் உரிமை.

வம்பு இங்கேதான்! முதலில் தேர்வாகும் வாலிபர் நோஞ்சான் கோஷ்டியில் போய்ச் சேருகிறார். ஜனங்களோ உடனே வெற்றி கேட்கிறார்கள்.

இரண்டு வாலிபர்கள்

1998-ல் முதலாவதாகத் தேர்வானவர் பெய்ட்டன் மானிங். இண்டியானாபோலிஸ் கோஷ்டியில் சேர்ந்தார். அந்த ஆண்டு 16 ஆட்டங்களில் 13 தோல்வி! அவர் எறிந்த பந்தை எதிரிகள் 28 தடவை பிடித்துக்கொண்டார்கள்.

இரண்டாவதாகத் தேர்வானவர் ரயன் லீஃப். சான் டியேகோ கோஷ்டி. அவர் 10 ஆட்டங்களில் 15 தடவை பந்தைப் பறிகொடுத்தார்.

இருவரும் தேறமாட்டார்களா? இன்னொரு கணக்கைப் பாருங்கள். மானிங் எறிந்த பந்துகளில் 26, எதிரியின் எல்லையில் புள்ளி பெற்றுத் தந்தன. லீஃபுக்கு 2 மட்டுமே!

பிறகு நடந்தது என்ன?

மறு ஆண்டே மானிங்கின் கோஷ்டி 13 ஆட்டங்களில் வென்றது. 2007-லும் 2016-லும் அவர் சாம்பியன் கோஷ்டியில் இருந்தார். லீஃப் 2002-ல் ஆட்டத்தை விட்டே விலகிவிட்டார்.

புதியவரின் பிழைகளை எண்ணலாம். கூடவே, அவர் சாதித்ததையும் எண்ண வேண்டும்!