கொதிக்க வைத்தாலும் போகாத விஷம்! ஏரிப் பாசிக்குள் ஒளிந்திருக்கும் எமன்

வாழப்பாடி வட்டார ஏரிகளில் தண்ணீர் குறைந்து வெயில் ஏறினால், கரையோரம் பச்சை பெயிண்டைக் கொட்டியது போல ஒரு படலம் திரளும். "பாசிதானே, கையால ஒதுக்கிட்டுக் குடத்தை முக்கு" என்பது பெரியவர்கள் பேச்சு. மாட்டுக்கு அந்த ஒதுக்கலும் கிடையாது. அப்படியே வாயை வைத்துவிடும்.

நூல் நூலாகக் கையில் வருகிற பாசி பெரும்பாலும் சாது. அள்ளினால் விரல் இடுக்கில் மாவு போல வழிகிறதே, சந்தேகப்பட வேண்டிய ஆசாமி அதுதான்! நீலப்பச்சைப் பாசி என்று பெயர். பெயரில்தான் பாசி, பிறப்பில் அது பாக்டீரியா.

இதில் மைக்ரோசிஸ்டிஸ் என்று ஒரு இனம். இது தயாரிக்கும் விஷத்துக்கு மைக்ரோசிஸ்டின் என்று பெயர். 7 அமினோ அமிலங்களை வளையல் போலக் கோர்த்த ஒரு சிறு பெப்டைடு, அதாவது புரதத் துணுக்கு. நாம் தின்னும் பருப்புப் புரதத்தை வயிறு வெட்டிப் போட்டுவிடும். இந்த வளையலை வெட்ட முடியாது. நேரே கல்லீரலுக்குப் போய், செல்களுக்குள் இருக்கிற முக்கியமான நொதிகளை முடக்கிவிடும். செல்லின் கட்டுக்கோப்பு குலைந்து, கல்லீரலுக்குள்ளேயே ரத்தம் கசியும்.

அடுப்பில் வைத்தால்?

பலன் இல்லை. தண்ணீர் சுண்டச் சுண்ட விஷம் கெட்டியாகும், அவ்வளவுதான்.

மயில்துத்தம் போட்டுப் பாசியைக் கொன்றால்? அங்கேதான் வம்பு! செத்த பாசி உடைந்து, உள்ளே இருந்த விஷம் மொத்தமும் தண்ணீரில் கலந்துவிடும். 1979-ல் ஆஸ்திரேலியாவின் பாம் தீவில் அணைத் தண்ணீருக்கு மயில்துத்தம் போட்டார்கள். சில நாட்களில் 148 பேர் நோயில் விழுந்தார்கள். பெரும்பாலும் குழந்தைகள். (அங்கே இருந்தது வேறு வகைப் பாசி, வேறு விஷம். ஆனால் பாடம் ஒன்றுதான்.)

1996-ல் பிரேசில் நாட்டின் கருவாரு ஊரில் நடந்தது இன்னும் கொடுமை. சிறுநீரக நோயாளிகளுக்கு ரத்தம் சுத்தம் செய்யப் பயன்படுத்திய தண்ணீரில் மைக்ரோசிஸ்டின் இருந்தது. குடித்தால் வயிறு வழியாகப் போகும். இங்கே ரத்தத்திலேயே கலந்தது. 50 பேருக்கு மேல் உயிர் போனது.

பணக்கார நாடும் தப்பவில்லை. 2014 ஆகஸ்டில் அமெரிக்காவின் டொலிடோ நகரில் சுமார் 4 லட்சம் பேரை "குழாய்த் தண்ணீரைக் குடிக்காதீர்கள், கொதிக்க வைத்தும் குடிக்காதீர்கள்" என்று தடுத்தார்கள். ஏரி ஏரித்தான் காரணம். ஆமாம், அந்த ஏரிக்குப் பெயரே ஏரி!

மேட்டூர் நாற்றம்

நம்ம பக்கத்துக்கு வருவோம். மேட்டூர் அணையின் நீர்ப்பிடிப்புக் கரைகளில் பச்சைப் படலம் தேங்கி நாற்றம் அடிப்பதும், கரையோர மக்கள் மூக்கைப் பிடிப்பதும், நுண்ணுயிர்க் கரைசல் தெளிப்பதும் அண்மை ஆண்டுகளில் நடந்தவை. வாழப்பாடி, ஆத்தூர்ப் பக்கக் குழாய்களுக்கு வருவதும் அந்தக் காவிரித் தண்ணீர்தான்.

அதற்காக நாற்றம் என்றாலே விஷம் என்று அலற வேண்டாம். நாற்றத்தைத் தருவது வேறு பொருள். நாறும் தண்ணீரில் விஷம் இல்லாமல் இருக்கலாம். நாறாத தண்ணீரில் இருக்கலாம். சோதனைக்கூடம்தான் சொல்லும். ஒரு லிட்டருக்கு ஒரு மைக்ரோகிராம் என்பது குடிதண்ணீருக்கு உலக சுகாதார நிறுவனம் வைத்த வரம்பு. ஒரு கிராமில் பத்து லட்சத்தில் ஒரு பங்கு!

பாசிக்குத் தீனி போடுவது யார்? வயலில் மிஞ்சி வழியும் உரமும், ஊர்ச் சாக்கடையும்தான்.

எல்லா நீலப்பச்சைப் பாசியும் கெட்டதல்ல. நெல் வயலுக்குத் தழைச்சத்து தருவதும், மாத்திரையாக விற்கும் ஸ்பைருலினாவும் இதே குடும்பம். இந்தக் குடும்பத்துக்கே ஜாதகம் எழுதியவர் சென்னைப் பல்கலைக்கழகத்துத் தேசிகாச்சாரி. 1959-ல் வந்த அவருடைய தடிமனான புத்தகத்தை வெளிநாட்டுக்காரர்களும் புரட்டினார்கள்.

ஒரு விஷயம் மட்டும் சோதனைக்கூடம் இல்லாமலே தெரியும். காற்று தள்ளுகிற கரையில்தான் படலம் குவியும். மாடு தண்ணீர் குடிக்கும் துறை அந்தக் கரையில் இருந்தால், அன்றைக்கு எதிர்க்கரைக்கு ஓட்டிப் போக வேண்டியதுதான்.