தொற்றின் பாதைகள் – 6: தொட்டவர்களும் தூர இருந்தவர்களும்

வீட்டில் ஒரு குழந்தைக்குக் கண்ட ஜலதோஷம் மற்றவர்களையும் பிடித்துக்கொள்வதற்குக் காற்றே காரணம் என்று சென்ற வாரம் நாம் கண்ட அபிப்பிராயத்தை, ஊகத்தோடு விடாமல் பரிசோதித்தே பார்த்துவிட முனைந்தவர்களில் ஒருவர், அமெரிக்காவில் நியூயார்க் மாநிலத்து ரோசெஸ்டர் நகரின் குழந்தை மருத்துவர் கரோலின் ஹால். அவர் எடுத்துக்கொண்டது ஆர்.எஸ்.வி. என்னும் வைரஸை; 1956-ல் முதலில் சிம்பன்ஸிகளிடம் கண்டறியப்பட்ட இது, பெரியவர்களைப் பெரும்பாலும் மூக்கொழுகலோடு விட்டுவிடுமாயினும், கைக்குழந்தைகளுக்கு நுரையீரலின் நுண்குழாய்களை அடைத்து மூச்சுத் திணறச் செய்துவிடும்.

நோயுற்ற சிசுக்களின் மூக்குச்சளியைப் பல பொருள்கள்மீது இட்டு அவர் குழுவினர் கவனித்ததில், வழுவழுப்பான மேடைமீது ஆறு மணி நேரம் வரையிலும், துணியிலும் காகிதத்திலும் அரை மணி முதல் முக்கால் மணி வரையிலும், மனிதத் தோலில் இருபது நிமிஷம் வரையிலும் வைரஸ் உயிர்ப்புடன் இருந்ததென்று 1980-ல் வெளியாயிற்று. ஆனால் மேடைமீது வைரஸ் இருப்பது வேறு, அதனால் ஒருவருக்கு நோய் வருவது வேறு அல்லவா?

அதற்காகவே, மறு வருஷம் வெளியான ஆய்வில், மருத்துவமனை ஊழியர்களான தொண்டர்களை மூன்று வகையாகப் பிரித்தார்கள். குழந்தையை எடுத்து அணைத்துச் சீராட்டியவர்கள் எழுவரில் ஐவருக்குத் தொற்று வந்தது. ஆறடிக்கு அப்பால் வெறுமனே உட்கார்ந்திருந்த பதினால்வரில் ஒருவருக்கும் வரவில்லை. குழந்தையை அகற்றிவிட்ட பிறகு அதன் சளி பட்ட இடங்களை மட்டும் தொட்டுவிட்டுத் தங்கள் கண்ணையோ மூக்கையோ தேய்த்துக்கொண்ட பதின்மரில் நால்வருக்கு வந்தது என்பதுதான் என்னை நெடுநேரம் யோசிக்க வைத்த கணக்கு. தேய்த்துக்கொள்ளும்படி சொல்லப்பட்டவர்கள்தாமே என்று ஆட்சேபிக்கலாம். சொல்லாமலே அதைச் செய்கிறவர்கள்தாம் நாம் எல்லோரும். இந்த வைரஸ் கண் வழியாகவும் மூக்கு வழியாகவும் எளிதில் புகுவதுபோல வாய் வழியாகப் புகுவதில்லை என்பதும் அதே குழுவின் கண்டுபிடிப்பு. எச்சிலுக்கு அவ்வளவு அஞ்சி, கண்ணைக் கசக்கச் சற்றும் அஞ்சாத நம்முடைய ஆசாரம் இவ்விஷயத்தில் தவறான வாசலையே காத்து நிற்கிறது.

இதை எல்லா வைரஸ்களுக்கும் பொதுவாக்குவதற்கில்லை. விஸ்கான்ஸின் மாநிலத்து மாடிசனில் எலியட் டிக் என்பவர், ரைனோவைரஸ் ஜலதோஷம் கண்டவர்களோடு ஆரோக்கியமானவர்களைப் பன்னிரண்டு மணி நேரம் சீட்டாட வைத்து, ஆரோக்கியமானவர்களில் ஒரு பாதியினரைத் தங்கள் முகத்தைத் தொடவே இயலாதபடி தடுத்திருந்தும், தடுக்கப்பட்டவர்களுக்கும் ஏறக்குறைய மற்றவர்களைப் போலவே நோய் வந்தது என்று 1987-ல் அறிவித்தார். நோயாளிகளின் சளியால் பிசுபிசுத்துப்போன சீட்டுகளை வேறோர் அறையில் வைத்து ஆடி, வேண்டுமென்றே கையை முகத்துக்குக் கொண்டுபோன பன்னிருவரில் ஒருவருக்குக்கூட நோய் வரவில்லை! ஆயினும் அங்கே ஆடியவர்கள் யாவரும் வளர்ந்த ஆண்கள். மூக்கு ஒழுகுவதையே பொருட்படுத்தாமல், கைக்கெட்டியதையெல்லாம் பற்றித் தவழ்ந்து செல்லும் ஒரு வயதுக் குழந்தையை எந்தச் சீட்டாட்ட மேசையிலும் உட்கார வைத்துப் பார்க்க முடியாது.