ஆயா ஏறாத மலை: சோளிங்கர் ரோப்கார் எப்படி ஓடுது?

இந்த எபிசோட்ல ஒரு மலை, ஒரு இரும்பு வடம், எங்க ஆயா. இந்த மூணைப் பத்தித்தான் பேசப் போறோம்.

எனக்கு உத்திரமேரூர் பக்கத்துல ஒரு கிராமம். எங்க பக்கம் பாட்டியை ஆயான்னுதான் கூப்பிடுவோம். மலைக்கோயில்னா எங்க வீட்டுக்கு சோளிங்கர். காஞ்சிபுரம் வழியா ராணிப்பேட்டை மாவட்டத்துக்குப் போகணும். 108 திவ்ய தேசங்கள்ல ஒண்ணு; பழைய பேர் திருக்கடிகை. பெரிய மலை மேல யோக நரசிம்மர் இருக்கார். கண்மூடித் தவத்துல இருக்கிறவர் கார்த்திகை மாசம் மட்டும் கண் திறக்கிறார்ங்கிறது நம்பிக்கை. அதனால கார்த்திகையில கூட்டம் தாங்காது.

ஏறுறதுக்கு 1,300 படிகளுக்கு மேல இருக்கு. முட்டி தேய்ஞ்ச பிறகு ஆயா அடிவாரத்தோட சரி. நாங்க போய்ட்டு வர்ற வரைக்கும் செருப்புக்குக் காவல். டோலியில போலாம்னு சொன்னா கேட்க மாட்டாங்க. "இன்னொருத்தர் தோள்ல ஏறி சாமி பார்க்கணுமாடா?"ன்னு ஒரே கேள்விதான்.

2024 மார்ச்ல அங்க ரோப்கார் வந்துச்சு. பழனியில 2004-லேயே வந்துடுச்சு. ஆல்ப்ஸ் மலை ஊர்கள்ல இது இன்னும் பழசு. ஆஸ்திரியாவுல இன்ஸ்ப்ரூக் நகரத்து ஆளுங்க 1928-லிருந்து கேபிள் கார்ல மலையுச்சிக்குப் போறாங்க.

இது எப்படி ஓடுது? கிணத்து ராட்டினத்தை நினைச்சுக்கோங்க. ஒரே கயித்துல ரெண்டு பக்கமும் குடம் கட்டினா, ஒண்ணு இறங்கும்போது இன்னொண்ணு ஏறும். இங்கயும் அதேதான். மேல ஒரு பெரிய சக்கரம், கீழ ஒண்ணு, நடுவுல சுத்தி வர்ற இரும்பு வடம். இறங்குற பெட்டிகளோட எடை, ஏறுற பெட்டிகளை இழுக்க உதவுது. மோட்டார் முழு எடையையும் தூக்க வேண்டியதில்லை. ரெண்டு பக்கத்துக்கும் உள்ள வித்தியாசத்தையும் உராய்வையும் சமாளிச்சா போதும்.

பயம் இல்லையான்னா, இருக்கு. 2022 ஏப்ரல்ல ஜார்க்கண்ட் திரிகூட மலையில ரோப்கார் கோளாறாகி, அந்தரத்துல மாட்டினவங்களை விமானப்படை ஹெலிகாப்டர் வந்து மீட்டுச்சு. உயிரிழப்பும் நடந்துச்சு. அதனால காத்து பலமா அடிச்சாலோ, பராமரிப்பு நாள்னாலோ ரோப்காரை நிறுத்தினா திட்டாதீங்க. வடம், பிரேக், பெட்டியை வடத்தோட பிடிக்கிற கிளாம்ப் இதையெல்லாம் அப்பதான் சோதிக்க முடியும்.

போன வருஷம் ஆயாவைக் கூட்டிட்டுப் போனேன். பெட்டி கிளம்பினதும் கண்ணை இறுக மூடிக்கிட்டாங்க. மேல போய் சேவிச்சு முடிச்சதும் பேச்சே இல்லை. இறங்கும்போதுதான் இந்த ராட்டினக் கணக்கைச் சொன்னேன். எதிர்ல ஏறி வந்த பெட்டியில ஒரு வயசான அம்மா. ஆயா கண்ணாடி வழியா அவங்களையே பார்த்துட்டு, "அப்போ அவங்களை நான்தான் தூக்கிவிடுறேனா?"ன்னு கேட்டாங்க.

அடிவாரத்துல ஒரு டோலிக்காரர் உட்கார்ந்திருந்தார். "ரோப்கார் நிக்கிற அன்னைக்குத்தான் எங்களைத் தேடுவாங்க"ன்னார். ஆயா சந்தோஷத்துக்கு நடுவுல அதையும் என்னால மறக்க முடியலை.

உங்க வீட்டுலயும் அடிவாரத்துலயே உட்கார்ந்துட்ட ஒருத்தர் இருப்பாங்க. ரோப்கார் அன்னைக்கு ஓடுதான்னு விசாரிச்சுட்டுக் கூட்டிட்டுப் போங்க. அடுத்த எபிசோட்ல பார்ப்போம்!