பிழை வேறு, இழப்பு வேறு

“ஆஸ்பத்திரியில பிழை விட்டிட்டாங்கள். வழக்குப் போடலாமா?” திருகோணமலை உட்துறைமுக வீதித் தேத்தண்ணிக் கடைகளில் இப்படிக் கேட்பவர் மடியில் பெரும்பாலும் ஒரு சொப்பிங் பை இருக்கும். உள்ளே கிளினிக் கொப்பி, ஸ்கான் படம், கசங்கிய மருந்துத் துண்டுகள். போடலாம், அண்ணை. ஆனால் எதை நிரூபிக்க வேண்டும் என்று தெரிந்துகொண்டு போடுங்கள்.

நட்டஈட்டு வழக்குக்கு இங்கே அடிப்படை உரோம டச்சுச் சட்டம். நமது கோட்டையை ஒரு காலத்தில் வைத்திருந்த ஒல்லாந்தர் விட்டுப்போனது. அது மூன்று கேள்விகள் கேட்கும். டொக்டர் கவனம் தவறினாரா? உங்களுக்கு இழப்பு உண்டா? அந்தத் தவறால்தான் இழப்பு வந்ததா? முதல் இரண்டையும் தாண்டியவர்கள் மூன்றாவதில் விழுகிறார்கள்.

அப்படி விழுந்த வழக்கு ஒன்று நாடறிந்தது. 1992இல் நான்கு வயதுச் சிறுமி ஒருத்தியைப் பேராசிரியர் பிரியானி சொய்சாவிடம் கொண்டுபோனார்கள். மூளைத்தண்டில் கட்டி இருந்தது; அவர் வாதக் காய்ச்சலோடு வரும் நடுக்க நோய் என்று கணித்தார். பிள்ளை இறந்தது. தகப்பன் ரியன்சி அர்சகுலரத்ன சட்டத்தரணி, வழக்குத் தொடுத்தார். மாவட்ட நீதிமன்றம் 50 இலட்சம் ரூபா கொடுக்கச் சொன்னது. மேன்முறையீட்டு நீதிமன்றம் அதைப் பெரிதும் குறைத்தது. ஏனென்றால், பிள்ளையின் பாசத்தை இழந்ததற்கு 2019வரை இந்தச் சட்டத்தில் விலை இருக்கவில்லை. 2001இல் உயர் நீதிமன்றம் கவனயீனம் நடந்தது என்று ஏற்றது. ஆனால் அந்தக் கட்டியை முன்கூட்டியே கண்டுபிடித்திருந்தால் பிள்ளை பிழைத்திருக்கும் என்று காட்டப்படவில்லை. ஒரு சதமும் கிடைக்கவில்லை.

தமிழ்நாட்டிலோ, காசு வாங்கிச் செய்யும் சிகிச்சை ஒரு சேவை என்று இந்திய உச்ச நீதிமன்றம் 1995இல் சொன்னபிறகு, நுகர்வோர் நீதிமன்றக் கதவைத் தட்டலாம். நமக்கு மாவட்ட நீதிமன்றம்தான். டொக்டரின் நடத்தையைப் பற்றி இலங்கை மருத்துவ சபையிடமும் முறையிடலாம். அங்கே பதிவு போகலாம், நட்டஈடு வராது. கவனயீனத்தால் மரணம் விளைவித்தால் தண்டனைச் சட்டக்கோவை 298ஆம் பிரிவில் ஐந்து வருடம்வரை மறியல் உண்டு. அது பொலிஸ் வழக்கு.

ஆகவே மூன்றாவது கேள்விக்கான பதிலை முதல் நாளிலிருந்தே சேருங்கள். வீட்டுக்கு அனுப்பும்போது தரும் டயக்னோசிஸ் காட்டைப் பத்திரமாக வையுங்கள். வார்ட்டில் எழுதும் கட்டில் குறிப்பேடு (பெட் ஹெட் டிக்கெட்) ஆஸ்பத்திரியிலேயே தங்கிவிடும், அதன் பிரதியை எழுத்தில் கேளுங்கள். அரச ஆஸ்பத்திரி என்றால் 2016ஆம் ஆண்டின் தகவல் அறியும் உரிமைச் சட்டமும் துணைக்கு உண்டு. மரணம் என்றால், அன்றே அடக்க வேண்டும் என்ற அவசரம் விளங்குகிறது. ஆனாலும் சந்தேகம் இருந்தால் பிரேத பரிசோதனையை வேண்டாம் என்று சொல்லாதீர்கள். மண்ணுக்குள் போனபிறகு காரணத்தை நிரூபிப்பது மிகக் கடினம்.

இன்னொன்று: நட்டஈடு கேட்க இரண்டு வருடம்தான் தவணை. அரசை எதிர்த்தால் ஒரு மாத முன்னறிவித்தலும் வேண்டும். துக்கம் ஆறட்டும் என்று காத்திருக்காமல், சட்டத்தரணியைப் பாருங்கள்.