முதுகைத் தொடுமுன் நான்கு தேர்வுகள்

1895 செப்டம்பர் 18. அமெரிக்காவின் அயோவா மாநிலத்தில் உள்ள டேவன்போர்ட் நகரம். காந்த சிகிச்சை செய்துவந்த டி.டி.பால்மர், அதே கட்டடத்தில் துப்புரவு வேலை பார்த்த ஹார்வி லில்லார்டைக் குப்புறப் படுக்கவைத்து, முதுகெலும்பில் பிசகியிருந்ததாகத் தோன்றிய ஒரு கணுவை அழுத்தித் தள்ளினார். பல வருஷமாக மந்தமாயிருந்த லில்லார்டின் காது கேட்க ஆரம்பித்துவிட்டது என்றார் பால்மர். செவி நரம்பு முதுகு வழியாகப் போவதே இல்லை. அது வேறு கதை. கைரோபிராக்டிக் பிறந்தது இப்படித்தான். கிரேக்கத்தில் 'கெய்ர்' என்றால் கை. தமிழ்க் காதுக்கு விளக்கமே தேவையில்லை!

1897இல் பள்ளி தொடங்கிய பால்மர், 1906இல் உரிமம் இல்லாமல் மருத்துவம் பார்த்ததற்காகச் சிறை சென்றார். அவர் வழிவந்தவர்கள் பலரும் அபராதம் கட்ட மறுத்துக் கம்பி எண்ணினார்கள். அதுவே அவர்களுக்கு நல்ல விளம்பரமானது. 1913இல் கன்சாஸ் முதல் உரிமச் சட்டத்தை நிறைவேற்றியது. கலிஃபோர்னியாவில் 1922இல் வாக்காளர்களே ஓட்டுப்போட்டுச் சட்டம் கொண்டுவந்தார்கள். கடைசியாக வழிவிட்ட மாநிலம் லூசியானா. அதற்குள் 1974 பிறந்துவிட்டது.

இன்று அமெரிக்காவில் இந்தத் தொழிலுக்கு வர நினைப்பவர் முதலில் கல்லூரியில் சுமார் மூன்று வருஷப் பாடங்களை முடிக்க வேண்டும். பிறகு, அங்கீகாரம் பெற்ற கைரோபிராக்டிக் கல்லூரியில் 'டி.சி.' (டாக்டர் ஆஃப் கைரோபிராக்டிக்) பட்டம். வழக்கமாக நான்கு வருஷம். குறைந்தது 4,200 மணி நேரப் பாடமும் பயிற்சியும். உடற்கூறியல், நோயியல், எக்ஸ்ரே எல்லாம் உண்டு. ஆனால் இது எம்.டி. அல்ல. மிகப் பெரும்பாலான மாநிலங்களில் இவர்கள் மருந்து எழுத முடியாது; அறுவை சிகிச்சையும் கூடாது.

பட்டம் வாங்கினால் மட்டும் போதாது. தேசியத் தேர்வு வாரியம் நான்கு கட்டமாகத் தேர்வு நடத்துகிறது. முதல் மூன்றும் எழுத்துத் தேர்வுகள். நான்காவதில் நோயாளியாக நடிக்கப் பயிற்சி பெற்றவர்களைப் பரிசோதித்துக் காட்ட வேண்டும். அதன்பின் அந்தந்த மாநில வாரியம் பின்னணியை விசாரித்து உரிமம் தரும். தொடர்கல்வி மணிகளைக் காட்டி அதை அவ்வப்போது புதுப்பிக்கவும் வேண்டும்.

யூடியூபில் 'டக்'கென்று கேட்கும் அந்தச் சத்தத்தை எழுப்புவதற்கா இத்தனை வருஷம்? இல்லை. எந்த முதுகில் கைவைக்கக் கூடாது என்று தெரிந்துகொள்ளத்தான் அதிகப் படிப்பு வேண்டும். சாதாரண முதுகுவலி என்று வருபவருக்கு உள்ளே எலும்பு முறிவோ, கிருமித் தொற்றோ, புற்றுநோயோ இருக்கலாம். வலியோடு சிறுநீரும் கட்டுப்பாட்டில் இல்லை என்றால் அது அவசரச் சிகிச்சைக்கு ஓட வேண்டிய அறிகுறி. கழுத்தைத் திருகியபின் ரத்தக்குழாய் கிழிந்து பக்கவாதம் வந்த சம்பவங்கள், அபூர்வம்தான் என்றாலும், மருத்துவ ஏடுகளில் பதிவாகியிருக்கின்றன. பலனைப் பொறுத்தவரை, இடுப்புவலிக்கு இந்தச் சிகிச்சை ஓரளவு உதவுகிறது. ஆஸ்துமாவும் காது மந்தமும் தீரும் என்பதற்கு நம்பகமான ஆதாரம் கிடையாது. உரிமம் பயிற்சிக்குத்தான் சாட்சி. உரிமம் உள்ளவர் சொல்வதெல்லாம் நிரூபணமானது என்று அதற்கு அர்த்தமில்லை.

பிரிட்டனில் 1994ஆம் ஆண்டுச் சட்டப்படி, பதிவு செய்யாத ஒருவர் தன்னைக் கைரோபிராக்டர் என்று சொல்லிக்கொள்வதே குற்றம். இந்தியாவில் இத்தொழிலுக்கென்று சட்டபூர்வ கவுன்சில் ஏதும் இல்லை. யார் வேண்டுமானாலும் போர்டு மாட்டலாம். ஆகவே கழுத்தைக் கொடுப்பதற்கு முன் எந்தக் கல்லூரி, எத்தனை வருஷப் படிப்பு, எந்த நாட்டு உரிமம் என்று கேட்டுவிடுங்கள். வாரக்கடைசிப் பயிற்சிச் சான்றிதழை நீட்டினால், சட்டையை மாட்டிக்கொண்டு கிளம்பிவிடுங்கள்.