ஹெரால்டின் டிஃபரன்ஷியலை மாற்றலாமா?

சென்னையில் 1961-இல் தயாரிக்கத் தொடங்கிய ஸ்டாண்டர்டு ஹெரால்டு, 948 சி.சி. எஞ்சின் கொண்ட சிறிய கார். இன்றும் அதைப் பேணிக் காப்போருக்கு ஓர் ஆசை உண்டு: பின்புற டிஃபரன்ஷியலை மாற்றினால் நெடுஞ்சாலையில் எஞ்சினின் இரைச்சல் குறையுமே!

கணக்கு சரிதான். இதன் மூலமான பிரிட்டிஷ் டிரையம்ப் ஹெரால்டின் 948 சி.சி. வகையில் பினியனுக்கு 8 பற்கள், கிரவுன் வீலுக்கு 39; விகிதம் 4.875. பின்னர் வந்த 1200 வகையில் அது 4.11. அதனைப் பொருத்தினால், அதே வேகத்தில் எஞ்சின் சுழற்சி ஏறத்தாழ 16 விழுக்காடு குறையும்.

வேலைதான் எளிதன்று. குறுக்குப் பட்டைவில் டிஃபரன்ஷியலின் தலைமீதே அமர்ந்திருப்பதால், முதலில் அதைக் கழற்றியாக வேண்டும். நம் நாட்டு மெக்கானிக்குகளின் நம்பிக்கையை இந்தப் பின்னமைப்பு பெறவேயில்லை. 1972-இல் வந்த ஸ்டாண்டர்டு கெஸலில் வழக்கமான ஒற்றைப் பின்னச்சே இடம்பெற்றது.

மீனாட்சிபுரத்தில் நின்று எண்ணிப் பார்ப்போம். பாலக்காடு செல்லும் சமவெளிச் சாலையில் 4.11 இனிக்கும். எதிர்த்திசையில் பொள்ளாச்சி சென்று, ஆழியாற்றைத் தாண்டினால் வால்பாறைச் சாலையின் 40 கொண்டை ஊசி வளைவுகள்! அங்கே சிறிய எஞ்சினுக்குப் பழைய விகிதமே துணை. மலையேறுவோர் மாற்றாதிருப்பதே நலம் என்பது எங்கள் கருத்து.

மாற்றியே தீருவோம் என்பவர்கள் வேகமானியையும் திருத்திக்கொள்ள வேண்டும். அது கியர்பெட்டியிலிருந்து இயங்குவதால், 50 கி.மீ. எனக் காட்டும்போது கார் உண்மையில் 59-ஐ எட்டியிருக்கும்.

கழற்றிய டிஃபரன்ஷியலைப் பழைய இரும்புக்குப் போட்டுவிடாதீர்கள். எண்ணெய் பூசி, சாக்கில் சுற்றி வையுங்கள். காரை விற்கும் நாளில், விவரம் அறிந்தவர் அதைத்தான் முதலில் கேட்பார்.