சாப்பாட்டின் சாப்பாடு

வைக்கோலை நாம் தின்ன முடியாது. தின்றாலும் பசி ஆறாது. வேடிக்கை என்னவென்றால், அரிசியில் இருக்கிற அதே குளுக்கோஸ்தான் வைக்கோலிலும் இருக்கிறது. இரண்டிலும் குளுக்கோஸ் மூலக்கூறுகள் ஆயிரக்கணக்கில் கைகோத்து நிற்கின்றன. கோத்திருக்கும் விதம்தான் வேறு. ஒரு விதமாகக் கோத்தால் மாவுச்சத்து, இன்னொரு விதமாகக் கோத்தால் செல்லுலோஸ். மாவுச்சத்தை அறுக்கும் நொதி நம் எச்சிலிலேயே சுரக்கிறது. செல்லுலோஸை அறுக்கும் நொதி நம் உடம்பில் எங்கும் சுரப்பதில்லை.

மாட்டின் உடம்பிலும் சுரப்பதில்லை! பிறகு எப்படி அது வைக்கோலைத் தின்று பால் தருகிறது? மாடு அந்த வேலைக்கு ஆள் வைத்திருக்கிறது.

மாட்டின் வயிற்றில் நான்கு அறைகள். முதல் அறையின் பெயர் ரூமன். பெரிய மாடு என்றால் அதில் நூறு லிட்டருக்கு மேல் கொள்ளும். ஆக்சிஜன் ஏறக்குறைய இல்லாத, எப்போதும் வெதுவெதுப்பாக இருக்கிற அந்த அறையில் பாக்டீரியா, பூஞ்சை, ஓரணு உயிரிகள் என்று கோடானுகோடிப் பேர் குடியிருக்கிறார்கள். செல்லுலோஸை உடைப்பது அவர்கள் பொறுப்பு. ராத்திரி கரைத்து வைத்த இட்லி மாவு காலையில் குமிழி விட்டுப் பொங்கி நிற்குமே, ஏறக்குறைய அதே நொதித்தல்தான் ரூமனிலும் நடக்கிறது. அங்கே அது ஒரு நாளும் நிற்பதில்லை. நொதித்ததும் சில அமிலங்கள் உண்டாகின்றன. அவற்றில் முக்கியமானது அசிட்டிக் அமிலம். வினிகர் புளிப்பதற்கும் அதுதான் காரணம். மாடு அந்த அமிலங்களை உறிஞ்சிக்கொண்டு பிழைக்கிறது. கடைசியில் அந்த நுண்ணுயிரிகளையும் அடுத்த அறைகளுக்குத் தள்ளிச் செரித்து, புரதமாக்கிக்கொள்கிறது. வேலைக்கு வைத்த ஆட்களையே விழுங்கிவிடும் முதலாளி!

மாடு படுத்துக்கொண்டு அசை போடுவதும் இந்த வேலையின் ஒரு பகுதிதான். அவசரமாக விழுங்கியதை மறுபடி வாய்க்குக் கொண்டு வந்து, பொடியாக அரைத்து அனுப்புகிறது. ஒரு நாளில் ஏழெட்டு மணி நேரம் இதற்கே போய்விடும்.

இத்தனை பேர் நொதிக்க வைத்தால் வாயு வராமல் இருக்குமா? கார்பன் டை ஆக்சைடும் ஹைட்ரஜனும் வருகின்றன. ஹைட்ரஜன் தேங்கினால் நொதித்தலே மந்தமாகிவிடும். அதைக் காலி செய்யத் தனியாக ஒரு கூட்டம் இருக்கிறது. பாக்டீரியா மாதிரித் தோன்றினாலும் பாக்டீரியா இல்லாத, ஆர்க்கியா என்ற பழமையான உயிரினம் அது. ஹைட்ரஜனையும் கார்பன் டை ஆக்சைடையும் சேர்த்து மீத்தேன் ஆக்கிவிடும். 1776-இல் இத்தாலியில், மஜோரே ஏரிக்கரைச் சேற்றைக் கிளறி, அதிலிருந்து வந்த குமிழிகளைப் பிடித்து அலெசாண்ட்ரோ வோல்டா எரித்துக் காட்டினாரே, அதே வாயு. மின்கலம் செய்த அதே வோல்டாதான். நம் ஊர் சாண எரிவாயு அடுப்பில் நீலமாக எரிவதும் இதுவே.

மாடு இந்த மீத்தேனைப் பின்பக்கமாக விடுகிறது என்று சொல்லிச் சிரிப்பவர்கள் உண்டு. அது தவறு. மிகப் பெரும்பகுதி வாய் வழியாக, ஏப்பமாகத்தான் வருகிறது. சத்தமில்லாத ஏப்பம் என்பதால் பக்கத்தில் நின்றாலும் நமக்குத் தெரியாது. மூடிய அறையில் மாட்டை நிறுத்தி, உள்ளே போகிற காற்றையும் வெளியே வருகிற காற்றையும் ஆய்வாளர்கள் அளந்து பார்க்கிறார்கள். ஒரு பெரிய மாடு நாளுக்கு 250 முதல் 500 லிட்டர் வரை மீத்தேன் விடுகிறது.

விட்டால் என்ன? மீத்தேன் பூமியின் வெப்பத்தை வெளியே போகவிடாமல் பிடித்து வைக்கிறது. நூறு வருடக் கணக்கில் பார்த்தால், ஒரு கிலோ மீத்தேன் ஏறத்தாழ 28 கிலோ கார்பன் டை ஆக்சைடு செய்யும் வேலையைச் செய்துவிடும். நல்ல செய்தியும் ஒன்று உண்டு: அதற்கு ஆயுள் குறைவு. ஏறக்குறைய 12 வருடங்களில் காற்றிலேயே சிதைந்துபோகும். கார்பன் டை ஆக்சைடில் ஒரு பங்கு ஆயிரம் வருடம் கழித்தும் மிச்சமிருக்கும். ஆக, இன்றைக்கு மீத்தேனைக் குறைத்தால் அதன் பலனை உங்கள் வயதுக்காரர்கள் சீக்கிரமே பார்க்கலாம்.

மனிதர்களால் உண்டாகும் வெப்ப வாயுக்களில் 14.5 சதவீதம் கால்நடை வளர்ப்பால் வருகிறது என்று ஐக்கிய நாடுகளின் உணவு, வேளாண்மை அமைப்பு 2013-இல் கணக்கிட்டது. பத்து வருடம் கழித்து, புது முறைகளில் பார்த்தபோது ஏறத்தாழ 12 சதவீதம் என்று வந்தது. இந்தக் கணக்கில் ஏப்பம் மட்டும் இல்லை. தீவனம் விளைவிக்கப் போட்ட உரம், அதற்காக வெட்டிய காடு, சாணம், லாரி எல்லாம் சேர்த்தி.

இங்கே ஒரு சிக்கல். வைக்கோல் தின்னும் மாட்டைவிட, மக்காச்சோளமும் தானியமும் தின்னும் மாடு ஒவ்வொரு லிட்டர் பாலுக்கும் குறைவாகவே மீத்தேன் விடும். நார் அதிகமுள்ள தீவனம் நொதித்தால் ஹைட்ரஜன் அதிகம், ஆகவே மீத்தேனும் அதிகம். ‘அப்படியானால் எல்லா மாட்டுக்கும் தானியம் போட்டுவிடலாமே’ என்று தோன்றும். ஆனால் தானியத்தை நாமே சாப்பிடலாம். வைக்கோலையும் தவிட்டையும் கடலைப் பிண்ணாக்கையும் நாம் சாப்பிடுவதில்லை. நமக்கு உதவாத ஒன்றைப் பாலாக்கித் தருவது பெரிய வித்தை. அந்த வித்தைக்குக் கூலியாக மாடு கொஞ்சம் மீத்தேன் விடுகிறது என்று நான் எடுத்துக்கொள்கிறேன். மாடே கெட்டது என்று சொல்கிறவர்கள் இதையும் கணக்கில் சேர்க்க வேண்டும்.

இப்போது நாமக்கல்லுக்குப் போவோம். பள்ளியில் சத்துணவோடு முட்டை சாப்பிடுகிறவர் என்றால், அது பெரும்பாலும் நாமக்கல் வட்டாரத்திலிருந்து வந்திருக்கும். 2019 கால்நடைக் கணக்கெடுப்பில் கோழிகளின் எண்ணிக்கையில் தமிழ்நாடு நாட்டிலேயே முதலிடம்: 12 கோடிக்கும் மேல்.

முட்டைக்கோழிப் பண்ணையில் கோழிகள் கம்பிக் கூண்டுகளில் வரிசை வரிசையாக நிற்கும். கூண்டின் அடித்தளம் சற்றே சரிவாக இருக்கும். போட்ட முட்டை தானே உருண்டு முன்பக்கம் வந்து நிற்கும். ஒரு கோழிக்குக் கிடைக்கும் இடம் பெரும்பாலும் ஓர் ஏ4 தாளைவிடக் குறைவு. சிறகை விரிக்க முடியாது, மண்ணைக் கிளற முடியாது. எனக்கு அது பிடிக்கவில்லை. ஆனால் அந்த முட்டை மலிவாக இருப்பதால்தான் லட்சக்கணக்கான பிள்ளைகளின் தட்டில் தினமும் விழுகிறது என்பதும் உண்மை.

கோழிக்கு ரூமன் கிடையாது. அதனால் மீத்தேன் ஏறக்குறைய இல்லை. ஆனால் வைக்கோலும் அதற்கு ஆகாது, தானியம்தான் வேண்டும். ஒரு முட்டைக்கோழி ஒரு நாளைக்குச் சுமார் 110 கிராம் தீவனம் தின்னும். வருடத்துக்கு 40 கிலோ. அதற்குப் பதிலாக 300-க்கும் மேற்பட்ட முட்டைகள். தீவன மூட்டையில் பெரும்பங்கு மக்காச்சோளம், அடுத்தது சோயாப் பிண்ணாக்கு. முட்டை ஓட்டுக்காகச் சுண்ணாம்புக்கல் தூளும் கிளிஞ்சலும் கலந்திருப்பார்கள். பெரம்பலூர்ப் பக்கம் பஸ்ஸில் போனால் இருபுறமும் மக்காச்சோளக் காடாகத் தெரியுமே, அதில் பெரும்பகுதி மனிதர் வாய்க்குப் போவதில்லை. கொல்லையில் திரிகிற நாட்டுக்கோழி கறையானையும் சிந்தின நெல்லையும் கொத்திப் பிழைத்துக்கொள்ளும்; ஆனால் பண்ணைக்கோழி போடும் அளவுக்கு முட்டை போடாது.

அதனால் ஒரு விலங்கைப் பார்த்ததும் நான் முதலில் கேட்பது, ‘இது என்ன தின்றது, அது எங்கே விளைந்தது?’ என்றுதான். இந்தக் கேள்வியைப் பிடித்துக்கொண்டு போனால் சில சமயம் கடல் தாண்ட வேண்டியிருக்கும்.

உலகில் விளையும் சோயாவில் ஏறத்தாழ நான்கில் மூன்று பங்கு விலங்குகளுக்குத் தீவனமாகிறது. அதிகம் விளைவிக்கும் நாடு பிரேசில். அந்த நாட்டில் மாடுகளும் 20 கோடிக்கு மேல். அமேசான் காடு அழிந்ததற்கு முதல் காரணம் மாட்டு மேய்ச்சல் நிலம்தான். காட்டை வெட்டி எரித்தால் மரத்தில் அடைபட்டிருந்த கார்பன் எல்லாம் புகையாகிறது. பிரேசிலில் விளைந்த சோயாவில் ஒரு பங்கு கப்பலேறி, நெதர்லாந்தின் ராட்டர்டாம் துறைமுகத்தில் இறங்குகிறது.

நெதர்லாந்து தமிழ்நாட்டில் மூன்றில் ஒரு பங்குக்கும் குறைவான பரப்பு. அதில் ஏறத்தாழ ஒரு கோடிப் பன்றிகள், ஏறத்தாழ 40 லட்சம் மாடுகள், சுமார் பத்துக் கோடிக் கோழிகள்! அத்தனைக்கும் அந்தச் சின்ன மண்ணில் தீவனம் விளையாது. ஆகவே தீவனம் பிரேசில் போன்ற நாடுகளிலிருந்து வருகிறது. பன்றிக்கறியும் பாலாடைக்கட்டியும் வேறு நாடுகளுக்குப் போகின்றன. சாணமும் மூத்திரமும் மட்டும் பெரும்பாலும் நெதர்லாந்திலேயே தங்கிவிடுகின்றன. அவற்றைக் கப்பலேற்றித் திருப்பி அனுப்ப யாரும் இல்லை.

சாணம் நல்ல உரம்தானே? அளவோடு இருந்தால் நல்லதுதான். அளவு மீறினால் அதிலுள்ள நைட்ரஜன், அம்மோனியா வாயுவாகக் கிளம்பி, காற்றில் மிதந்து, பண்ணைக்கு வெளியே இருக்கிற காட்டிலும் புதர்வெளியிலும் இறங்குகிறது. யாரும் கேட்காமலே காட்டுக்கு உரம் போட்ட மாதிரி ஆகிவிடுகிறது. வறண்ட மண்ணில் வாழப் பழகின ஹீதர் என்ற ஊதாப்பூச் செடியைப் புல் அமுக்கிவிடுகிறது. மண்ணில் அமிலம் கூடுகிறது. கூடினால் மண்ணிலிருக்கும் கால்சியம் கரைந்து ஓடிவிடும்.

கால்சியம் போனால் நத்தைக்கு ஓடு கட்ட முடியாது, நத்தைகள் குறைந்தன. அந்தக் காடுகளில் நம் பட்டாணிக்குருவிக்கு நெருங்கிய உறவான ஒரு சிட்டு இருக்கிறது. முட்டையிடும் பருவத்தில் அது நத்தை ஓட்டைத் தேடித் தின்னும், தன் முட்டைக்கு ஓடு செய்ய. நத்தை கிடைக்காமல், மெல்லிய ஓடுள்ள முட்டைகளையும் ஓடே இல்லாத முட்டைகளையும் இட ஆரம்பித்தது. தொழிற்சாலைப் புகையின் கந்தகமும் பண்ணைகளின் அம்மோனியாவும் சேர்ந்து மண்ணை அமிலமாக்கியதன் விளைவு என்று 1990-களில் டச்சு ஆய்வாளர்கள் கண்டுபிடித்தார்கள். கால்சியம் நிறைந்த ஓட்டுத் துண்டுகளைக் காட்டில் வைத்துப் பார்த்தார்கள். சிட்டுகள் அதைத் தின்று, மறுபடி ஒழுங்கான முட்டை இட்டன. பண்ணைக் கோழிக்குத் தீவன மூட்டையிலேயே வருகிற கால்சியம், காட்டுச் சிட்டுக்கு இல்லாமல் போயிருந்தது.

2019-இல் நெதர்லாந்தின் உச்ச நிர்வாக நீதிமன்றம், நைட்ரஜனைக் கட்டுப்படுத்த அரசு வைத்திருந்த திட்டம் போதாது என்று தீர்ப்புச் சொன்னது. பண்ணைகளைக் குறைக்க வேண்டும் என்ற பேச்சு வந்ததும் விவசாயிகள் ஆயிரக்கணக்கான டிராக்டர்களில் அரசு இயங்கும் ஹேக் நகரை நோக்கிக் கிளம்பினார்கள்; நெடுஞ்சாலைகள் அடைபட்டன. அவர்கள் கோபத்திலும் நியாயம் உண்டு. அதிகம் உற்பத்தி செய், பெரிய கொட்டகை கட்டு என்று பல காலம் அவர்களை ஊக்கப்படுத்திவிட்டு, திடீரென்று குறை என்றால் எப்படி?

நம் காவிரிப் படுகையில் இதற்கு நேர் எதிரான ஒன்றைப் பார்க்கலாம். அறுவடை முடிந்ததும் ராமநாதபுரம், சிவகங்கைப் பக்கத்திலிருந்து கீதாரிகள் ஆட்டு மந்தைகளோடு நடந்து வருவார்கள். பகலில் ஆடுகள் தாளையும் வரப்புப் புல்லையும் மேயும். இரவில் வயலிலேயே வலை கட்டி மந்தையை அடைப்பார்கள். அதுதான் கிடை போடுவது. காலையில் பார்த்தால் வயல் முழுக்கப் புழுக்கையும் மூத்திரமும். மறுநாள் கிடையை அடுத்த வயலுக்கு மாற்றுவார்கள். வயல்காரர் கீதாரிக்கு இதற்காகக் காசோ நெல்லோ கொடுப்பார். வாத்து மேய்ப்பவர்களும் அப்படித்தான் வருவார்கள். சிந்தின நெல்லையும் நத்தையையும் வாத்துகள் பொறுக்கிவிடும். தீவனம் விளைந்த மண்ணுக்கே எரு திரும்பிப் போய்விடுகிறது. ஆனால் ஆடும் அசை போடுகிற பிராணிதான், அதுவும் மீத்தேன் விடும். மந்தை பெருத்து மேய்ச்சல் நிலம் சுருங்கினால் இங்கேயும் மண் பாழாகும்.

மீத்தேனை ரூமனுக்குள்ளேயே குறைக்க வழி உண்டா? கனடாவில் பிரின்ஸ் எட்வர்ட் தீவில், கடற்கரையில் ஒதுங்கும் பாசியைத் தின்ற மாடுகள் மற்ற மாடுகளைவிடத் திடமாக இருப்பதை ஒரு விவசாயி கவனித்தார். அந்தப் பாசியைச் சோதித்த ஆய்வு, பிறகு ஆஸ்திரேலியாவில் அஸ்பராகோப்சிஸ் என்ற சிவப்புக் கடற்பாசியில் போய் நின்றது. தீவனத்தில் நூற்றில் ஒரு பங்குக்கும் குறைவாகக் கலந்தாலே, சில சோதனைகளில் மீத்தேன் 80 சதவீதம் வரை குறைந்தது. அதிலுள்ள புரோமோஃபார்ம், மீத்தேன் செய்யும் ஆர்க்கியாக்களின் கையைக் கட்டிவிடுகிறது. ஆனால் புரோமோஃபார்ம் அளவு மீறினால் கெடுதல் செய்யும் பொருள், கடற்பாசியைக் கோடிக்கணக்கான மாடுகளுக்குப் போதுமான அளவு வளர்ப்பதும் லேசில்லை. பெங்களூரிலுள்ள தேசியக் கால்நடை ஊட்டச்சத்து, உடலியங்கியல் ஆய்வு நிறுவனம் வேறு வழியில் போனது. துவர்ப்புச் சத்தான டானின் நிறைந்த தாவரங்களிலிருந்து ‘ஹரித் தாரா’ என்ற தீவனச் சேர்க்கையைத் தயாரித்து, மீத்தேன் 17 முதல் 20 சதவீதம் குறைவதாக அறிவித்தது.

அமெரிக்காவில் பெரிய பண்ணை என்றால், ஆயிரக்கணக்கான மாடுகளின் தீவனத்தில் இத்தகைய சேர்க்கையை ஓர் இயந்திரம் கலந்து கொட்டிவிடும். இந்தியாவில் 19 கோடி மாடுகளும் 11 கோடி எருமைகளும் இருக்கின்றன. பெரும்பாலும் வீட்டுக்கு ஒன்று, இரண்டு என்று கட்டியிருக்கிறார்கள். கழுநீர்த் தொட்டியில் தினமும் ஒரு பிடி கலந்தாக வேண்டும், அதற்குக் காசும் வேண்டும். ஏப்பமாகப் போய்விடும் சத்து மிச்சமானால் பால் கொஞ்சம் கூடும் என்று ஆய்வாளர்கள் கணக்குப் போடுகிறார்கள். கூடுகிற பாலின் விலை அந்த ஒரு பிடியின் விலைக்குக் கட்டுபடியானால் வாங்கிப் போடுவார்கள்.